நாடகம் பார்க்காதவர்

தொலைக்காட்சி நாடகம் பார்க்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். ஒளிவு மறைவு இல்லாத மனிதர்கள். நேரமானால் உட்காருவார்கள், பார்ப்பார்கள், அழுவார்கள், விளம்பரம் வந்தால் எழுந்துபோய்ச் சோறு வடிப்பார்கள். அவர்களைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. நான் சொல்ல வந்தது இன்னோர் இனத்தைப் பற்றி. அதன் பெயர் ‘நாடகம் பார்க்காதவர்’. பெரும்பாலும் ஆண். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கோயிலோ சங்கமோ, ஏதாவது ஒன்றில் ஒரு பொறுப்பு இருக்கும். எங்கள் மலாக்காவில் மட்டுமல்ல, டிவி உள்ள எந்த வீட்டிலும் இந்த இனத்தைக் காணலாம், ஆனால் சோபாவில் தேடாதீர்கள். சோபாவுக்குப் பின்னால் பாருங்கள், நின்றுகொண்டிருக்கும்.

ஏன் நிற்கிறது? உட்கார்ந்தால் பார்ப்பதாக ஆகிவிடும் அல்லவா. நிற்கிறவர் அந்தப் பக்கமாகப் போகிறவர், அவ்வளவுதான். கையில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்திருப்பார். அதை அரை மணி நேரமாகக் குடிப்பார். சில நாள் கார் சாவியைத் தேடுவார். சாவி எப்போதும் டிவி இருக்கிற அறையில்தான் தொலையும், நாடகம் முடிந்ததும் சட்டைப் பையிலேயே கிடைத்துவிடும். நடுநடுவே, தான் பார்க்கவில்லை என்பதை வீட்டாருக்கு நினைவூட்ட, சில வாக்கியங்களை வைத்திருப்பார். “இன்னுமா இது ஓடுது?” என்பார். “இதெல்லாம் ஒரு கதையா?” என்பார். “நம்ம பிள்ளைங்க கெட்டுப் போறதே இதைப் பாத்துத்தான்” என்பார். சொல்லிவிட்டுப் போகிறாரா? போக மாட்டார். “ஆமா, அன்னிக்கு இவன் அவளுக்கு ஒரு மோதிரம் கொடுத்தானே, அது என்னா ஆச்சு?” என்று கேட்பார். எல்லாரும் திரும்பிப் பார்த்தால், “எனக்கென்னா, சும்மா கேட்டேன்” என்று தண்ணீரைக் குடிப்பார்.

இந்த ‘சும்மா’ இல்லாவிட்டால் இந்த இனம் ஒரு நாள்கூட உயிர் வாழாது.

இப்போது எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் ஓடுவது ‘பளிங்கு மாடி’. கோலாலம்பூரில், மேகம் தட்டுகிற உயரத்தில் வீடு வைத்திருக்கும் பணக்காரப் பிள்ளைகளின் கதை. வேலை வெட்டி கிடையாது. காலையில் கோட்டுப் போட்டுக்கொண்டு பழச்சாறு குடிப்பார்கள், பத்து மணிக்குக் காதலிப்பார்கள், மத்தியானம் சந்தேகப்படுவார்கள், சாயங்காலம் நீச்சல் குளத்தோரம் விருந்து வைப்பார்கள், விருந்தின் நடுவில் யாராவது ஒருத்தி யாரோடோ இருக்கும் படம் எல்லாருடைய கைப்பேசிக்கும் ஒரே நேரத்தில் வந்து சேரும், உடனே ஒரு கன்னத்தில் அறை விழும், அந்த அறையை மூன்று பக்கமிருந்தும் காட்டிவிட்டு, நாளை பார்க்கலாம் என்று நிறுத்திவிடுவார்கள். ஹோட்டல் முதலாளியின் மகன் நிவானுக்கும் வைரக் கடைக்காரர் மகள் தாரிகாவுக்கும் நிச்சயம் ஆகியிருக்கிறது. தாரிகாவின் உயிர்த்தோழி ரியானாவுக்கு நிவான்மேல் ஆசை. நிவானுடைய அப்பாவின் இளைய தாரத்து மகன் ஷஷாங்குக்கு அந்த ஹோட்டல்கள்மேல் ஆசை. ஷஷாங்க் முன்பு ரியானாவைக் காதலித்தவன். அதற்கும் முன்பு தாரிகாவையும் கொஞ்ச நாள்.

இவ்வளவும் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். காதில் விழுந்தது. டிவி ஓடுகிற வீட்டில் காதை மூடிக்கொண்டா நடமாட முடியும்?

சரி, விடுங்கள். ஊருக்கே தெரிந்த பிறகு உங்களிடம் மட்டும் மறைப்பானேன். நானும் அந்த இனம்தான். பெயர் பாலகிருஷ்ணன். புலாவ் செபாங்கில் வாகனக் காப்புறுதியும் ரோட்டேக்சும் புதுப்பித்துக் கொடுக்கும் சின்ன ஆபீஸ் வைத்திருக்கிறேன். வீடு செலண்டாரில். அங்குள்ள மாரியம்மன் கோயிலுக்கு நான் செயலாளர். சொந்த அக்கா மகளுடைய கணவன் பெயர் எனக்குச் சட்டென்று வராது. தாரிகாவின் பழைய காதலர்களை வரிசையாகச் சொல்வேன்.

இந்த இனத்தில் நான் முற்றிய வகை. நின்று பார்ப்பதில் ஒரு சங்கடம் உண்டு. கதை நல்ல இடத்துக்கு வரும்போது வீட்டுக்காரி திரும்பிப் பார்ப்பாள். போகிறவர் போய்த்தான் ஆக வேண்டும். எத்தனை கன்னத்து அறைகளை நான் சமையலறையில் நின்றுகொண்டு சத்தமாக மட்டும் கேட்டிருக்கிறேன் தெரியுமா? அதற்கு ஒரு வழி கிடைத்தது. கைப்பேசியில் ஒரு செயலி இருக்கிறது. சந்தா கட்டினால் நாளைக்கு டிவியில் வருவதை இன்றைக்கே காட்டிவிடும். கட்டினேன். சாயங்காலம் ஆபீஸை மூடிவிட்டு, புலாவ் செபாங் ரயில் நிலையத்துக் கார் நிறுத்துமிடத்தில், ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பார்ப்பேன். அங்கே என்னை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ரயிலில் வருகிற யாருக்கோ காத்திருப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

வீட்டில் என் மனைவி மீனம்மா அதே நாடகத்தை மறுநாள் டிவியில் பார்ப்பாள். மகள் தேவிஸ்ரீ சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும்வரை அம்மாவும் மகளும் சேர்ந்து பார்த்தார்கள். அவள் போன பிறகு சோபாவில் மீனம்மா மட்டும். முதலில் கொஞ்ச நாள் என் பக்கம் திரும்பி, “பாத்தீங்களா, என்னா ஆட்டம் ஆடுறா இவ” என்பாள். “இந்தக் குப்பையெல்லாம் என்கிட்ட சொல்லாத” என்பேன் நான், அந்த ஆட்டத்தை முதல் நாளே பார்த்து முடித்தவன். பிறகு அவள் சொல்வதை விட்டுவிட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் கோமளாவிடம்தான் சொல்லுவாள். அவர்கள் சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். எனக்கும் போய்ச் சொல்ல ஆசையாகத்தான் இருக்கும்.

இதோடு நான் நிறுத்திக்கொண்டிருந்தால் குடும்பத்துக்கு மட்டும் நஷ்டம். ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் மைக்கைப் பிடித்தேன். “அம்மனைவிட அந்தப் பளிங்கு மாடிக்காரங்க உங்களுக்குப் பெருசாப் போயிட்டாங்க. தீபாராதனை முடியறதுக்குள்ள ஓடுறீங்க. என் வீட்டுல அந்தப் பெட்டியை நான் ஏறெடுத்தும் பாக்குறதில்ல” என்று ஒரு போடு போட்டேன். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தலைவர் முனுசாமி கண் கலங்கிக் கைதட்டினார். அவர் உண்மையாகவே நாடகம் பார்க்காதவர். அவருடைய வீட்டு டிவியில் காற்பந்தாட்டம் தவிர வேறு எதுவும் ஓடியதில்லை. உண்மையானவரும் போலியும் ஒரே மேடையில் நின்றோம். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமைதான் நிவான் செத்தான்.

அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. மறுநாள் கல்யாணம். தாரிகா கையில் மருதாணி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நிவானுக்கு ஒரு படம் வருகிறது, அதில் தாரிகாவும் ஷஷாங்கும். பழைய படம், ஆனால் அது அவனுக்குத் தெரியாது. வெள்ளைக் காரை எடுத்துக்கொண்டு மலைச் சாலையில் பறக்கிறான். வளைவு. கார் உருண்டு விழுகிறது. ரோட்டில் அவன் காலிலிருந்து கழன்ற ஒற்றைச் சப்பாத்து மட்டும் கிடக்கிறது. நொறுங்கின காருக்குள்ளிருந்து கைப்பேசி அடிக்கிறது, தாரிகாதான் கூப்பிடுகிறாள், எடுக்க ஆளில்லை. சேதி கேட்டு அவன் அம்மா பளிங்குப் படிக்கட்டில் மயங்கி விழுகிறாள். நான் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன்.

அந்த நேரம் பார்த்துக் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். முனுசாமி. மகளை ரயிலேற்றிவிட வந்திருக்கிறார். இயர்போனைப் பிடுங்கிக் கைப்பேசியோடு சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டுக் கண்ணாடியை இறக்கினேன்.

“செயலாளரே, என்னா ஆச்சு? ஏன் இப்படி அழுவுறீங்க?”

“ஒண்ணுமில்ல தலைவரே.”

“கண்ணு இப்படிச் செவந்திருக்கு, ஒண்ணுமில்லன்றீங்க. தேவிஸ்ரீக்கு ஏதாச்சும்…”

“ஐயோ, அதெல்லாம் இல்ல. ஒரு சாவு.”

“யாரு லா?”

நண்பன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு குளியலோடு தீட்டுத் தீர்ந்திருக்கும். நாக்கு அது பாட்டுக்குப் போயிற்று. “தம்பி முறை தலைவரே. கேஎல்ல சித்தப்பா மவன் ஒருத்தன். ஹரிதாஸுன்னு பேரு.”

இப்படி ஒரு சித்தப்பா இருந்ததை நீங்கள் சொன்னதே இல்லையே என்று அவர் கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள். ரப்பர்த் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது சிதறிப்போன சொந்தம் எங்களில் எல்லாக் குடும்பத்துக்கும் உண்டு. அதில் ஒரு கிளை கோலாலம்பூரில் பெரிய ஆளாகிவிட்டதாக ஒரு பேச்சும் உண்டு. யாரும் போய்ப் பார்த்ததில்லை. “எப்படிச் செத்தாரு?” என்று மட்டும் கேட்டார். அழுதுகொண்டிருப்பவனிடம் அன்பாக ஒருவர் விசாரித்தால் என்ன நடக்கும்? சொல்லத் தோன்றும். வெள்ளைக் காரைச் சொன்னேன். மலை ரோட்டைச் சொன்னேன். விடிந்தால் கல்யாணம் என்றேன். மருதாணி காயவில்லை என்றேன். ஒற்றைச் சப்பாத்து, எடுக்க ஆளில்லாமல் அடித்த கைப்பேசி, படிக்கட்டில் விழுந்த சித்தி, ஒன்று விடவில்லை. முனுசாமி துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் புதிதாக அழுகை வந்தது. பகிர்ந்துகொள்ள ஆள் கிடைத்ததில் ஓர் ஆறுதலாகக்கூட இருந்தது.

அவர் போகும்போதுதான் திரும்பிச் சொன்னார். “சித்தப்பா மவன்னா பங்காளி. பதினாறு நாள் தீட்டு. வெள்ளிக்கிழமை உபயத்தை நான் வேற ஆளுக்கு மாத்திவிடுறேன், நீங்க கவலைப்படாதீங்க.”

வெள்ளிக்கிழமை உபயம் என்னவென்று சொல்லவேண்டும். ஆடி மாதம் ஒவ்வொரு வெள்ளியும் ஒரு குடும்பம் அம்மனுக்கு அபிஷேகமும் அலங்காரமும் செய்யும். அந்த வெள்ளிகளெல்லாம் பழைய தோட்டக் குடும்பங்களின் கையில் இருந்தன. மீனம்மா பல வருடமாகக் கேட்டு, ஒரு குடும்பம் ஜொகூருக்குக் குடிபோனதால் இந்த வருடம்தான் ஒரு வெள்ளி எங்களுக்குக் கிடைத்தது. அம்மனுக்குச் சாத்த மலாக்கா டவுனுக்குப் போய், நாலு கடை ஏறி இறங்கி, பச்சைப் பட்டு ஒன்று வாங்கி வைத்திருந்தாள். தன் கையால் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவள் என்னிடம் வேறு எதையும் இவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை.

நான் செலண்டார் போய்ச் சேருவதற்குள் முனுசாமியின் தொலைபேசி அழைப்பு போய்ச் சேர்ந்துவிட்டது. மீனம்மா தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு ஹாலில் உட்கார்ந்திருந்தாள். சாமி விளக்கு ஏற்றவில்லை.

“ஏங்க, உங்களுக்கு இப்படி ஒரு சித்தப்பா இருக்காங்கன்னு எனக்குச் சொல்லவே இல்லியே?”

“தொடர்பு விட்டுப் போச்சு.”

“நாளைக்கு அந்தப் பிள்ளைக்குக் கல்யாணமாமே.” அவள் கண் நிறைந்துவிட்டது. “பெத்தவ எப்படித் தாங்குவா?”

பச்சைப் பட்டு அவள் மடியில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதை ஒரு பையில் போட்டு வேலியோரம் கோமளாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள். “விஜயரட்ணம் ஐயா வீட்டுக்கு உபயத்தை மாத்தியிருக்காங்களாம். புடவையாச்சும் அம்மனுக்குப் போகட்டும். நான் தொட்டுட்டேன், பரவாயில்லையான்னு மட்டும் தலைவர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க” என்று என்னிடம் சொன்னாள்.

வாயைத் திறக்க அதுதான் நேரம். செத்தது நிவான், அழுதது நான், தீட்டு யாருக்கும் இல்லை என்று சொன்னால் முடிந்தது. சொன்னேனா? சொல்லவில்லை. அந்த வெள்ளிக்கிழமை மைக்கில் பேசினவன் என் வாயைப் பொத்திவிட்டான். என் மனைவியின் உபயம் போனாலும் போகட்டும், நான் நாடகம் பார்க்கிறவன் என்பது மட்டும் தெரியக் கூடாது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் என் இனத்தைப் பற்றி எழுத வந்துவிட்டு, அதன் லட்சணத்தைச் சொல்லாமல் விட முடியாது.

மறுநாள் புதன்கிழமை சாயங்காலம் துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். முனுசாமி வந்தார். யாழ்ப்பாண வழி வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் விஜயரட்ணம், கையில் குடையோடு, மனைவியோடு வந்தார். கோமளாவும் கோயில் பெண்கள் சிலரும் வந்தார்கள். மீனம்மா எல்லாருக்கும் பால் விடாத கோப்பி கலந்து கொடுத்தாள். “துடக்கு வீடு எண்டாலும் ஒரு வாய் குடிக்கத்தானே வேணும்” என்று விஜயரட்ணம் வாங்கிக்கொண்டார். நான் நடுவில் உட்கார்ந்து மறுபடியும் முழுவதையும் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். கோலாலம்பூரில் ஹோட்டல் வைத்திருக்கிற சித்தப்பா என்றதும் என்னை எல்லாரும் ஒரு மாதிரி மரியாதையோடு பார்த்தார்கள். “ஒரே பையனா? அப்ப அந்தச் சொத்தெல்லாம் இனிமே யாருக்கு?” என்று ஒருவர் கவலைப்பட்டார். பங்காளி வழியில் எனக்கு ஏதாவது வருமோ என்று ஒரு கணம் நானே யோசித்தேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏழேகால் ஆயிற்று. பெண்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஏழரைக்குப் ‘பளிங்கு மாடி’. துக்க வீட்டில் வந்தவுடன் எழுந்திருக்கவும் முடியாது, டிவி போடு என்று கேட்கவும் முடியாது. ஒருத்தி புடவை நுனியைச் சுருட்டினாள். ஒருத்தி பெருமூச்சு விட்டாள். அது ஹரிதாஸுக்கு விட்ட பெருமூச்சு அல்ல. கடைசியில் கோமளாதான் வழி கண்டுபிடித்தாள்.

“அக்கா, கேஎல்ல இவ்ளோ பெரிய ஆக்சிடன்ட்டுன்னா நியூஸ்ல காட்டுவாங்க இல்ல? சத்தம் இல்லாம போட்டுப் பாப்போமே.”

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் டிவி ஓடத் தொடங்கிவிட்டது, சத்தமில்லாமல், சரியான சேனலில்.

திரையில் ஒரு வெள்ளைக் கார் மலைச் சாலையில் போயிற்று.

“அதோ, காட்டுறான் பாருங்க” என்றார் முனுசாமி. நாடகம் என்றால் என்னவென்றே தெரியாத மனிதர்; அவர் அதைச் செய்தி என்றே நினைத்துவிட்டார். “செயலாளர் சொன்ன அதே வெள்ளைக் கார்.”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கார் உருண்டது. ரோட்டில் ஒற்றைச் சப்பாத்து.

“த்சொ, த்சொ. சப்பாத்துகூட அப்படியே கெடக்கு. எவ்வளவு கிளியரா எடுத்திருக்கானுங்க” என்றார் முனுசாமி.

தாரிகாவின் மருதாணிக் கை. நொறுங்கிய காருக்குள் மினுங்கும் கைப்பேசி. பளிங்குப் படிக்கட்டில் ஓர் அம்மா சரிந்தாள். முனுசாமி என் தோளைத் தொட்டார். குரல் தழுதழுத்தது. “இவங்கதான் உங்க சித்தியா?”

கோமளா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். விஜயரட்ணம் கோப்பியை வாய்வரை கொண்டுபோய் அப்படியே வைத்திருந்தார். மீனம்மா மட்டும் என்னைப் பார்க்கவில்லை, டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதும் நான் தப்பித்திருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். ஒரே மாதிரி விபத்து உலகத்தில் இரண்டு நடக்காதா? முகத்தைக் கொஞ்சம் சோகமாக வைத்துக்கொண்டு, ‘என்னா ஒற்றுமை பாருங்க’ என்று சொல்லியிருந்தால் போதும்.

ஆனால் முதல் நாள் முனுசாமி கண்ணாடியைத் தட்டியதில் கடைசிக் காட்சியை நான் பார்த்திருக்கவில்லை. அது இப்போது வந்தது. காரை இழுத்துக்கொண்டு போகிறார்கள். ஒரு மெக்கானிக் அடியில் குனிகிறான். ஒரு ரப்பர்க் குழாயைத் தூக்கிக் காட்டுகிறான். நேராக வெட்டின வெட்டு.

“பிரேக்கை அறுத்திருக்கானுங்க” என்று நான் எழுந்து நின்றுவிட்டேன். “அந்த ஷஷாங்க் பயதான். அன்னிக்கே கராஜ் பக்கம் சுத்திக்கிட்டு இருந்தான், நான் கவனிச்சேன்.”

“ரியானாவா இருக்கும்” என்றாள் கோமளா, அனிச்சையாக.

“அவ நிவான்மேல உசிரையே வச்சிருக்கா, அவ ஏன் அறுக்கப் போறா?” என்றேன் நான். பிறகுதான் உட்கார்ந்தேன்.

மீனம்மா ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாள். “செத்தது நிவானா?” என்றாள்.

நான் தலையை ஆட்டினேன்.

“உங்க சித்தப்பா மவன்?”

அதற்கும் தலையைத்தான் ஆட்டினேன், இந்தத் தடவை பக்கவாட்டில்.

“நேத்திலிருந்து நான் அந்தப் பிள்ளையோட அம்மாவை நெனச்சு நெனச்சு அழுதுகிட்டு இருக்கேன். புடவையைக் குடுத்துட்டு உள்ள போய் அழுதேன். நீங்க பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க?” குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னாங்க? நானும் அதே கதையைத்தானே பாக்குறேன். தேவி போனதிலிருந்து பேச ஆளில்லாம உக்காந்திருக்கேன். ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து அழுதிருக்கலாம்.”

அவள் சொன்னதில் கடைசி வாக்கியம்தான் என்னை அடித்தது. இவ்வளவு நாளும் ஒரே வீட்டில், ஒரே சாவுக்கு, ஆளுக்கொரு நாள் அழுதிருக்கிறோம். என்னால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

முனுசாமிக்கு விஷயம் இப்போதுதான் மெல்ல மெல்ல விளங்கியது. “அப்ப யாரும் சாகலியா?” என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. “அப்ப தீட்டு இல்ல. உபயம்…” என்று விஜயரட்ணத்தைப் பார்த்தார்.

“எங்களுக்கு வேற நாள் பாப்பம்” என்றார் விஜயரட்ணத்தின் மனைவி. “அந்தப் பச்சைப் பட்டை மீனம்மா தன்ர கையாலேயே குடுக்கட்டும்.”

நான் மூச்சு விட்டேன். விட்டிருக்கக் கூடாது. மீனம்மா எழுந்துபோய்ச் சாமி விளக்கை ஏற்றிவிட்டு வந்து, தலைவர் முன் நின்றாள். “அண்ணே, எனக்குத் தீட்டு இல்ல. ஆனா இவருக்கு உண்டு.”

“எப்படிமா?”

“உங்க முன்னாடி அழுதிருக்காரு. தம்பி செத்துட்டான்னு வாயால சொல்லியிருக்காரு. நீங்க எல்லாரும் வந்து துக்கம் விசாரிச்சு, கோப்பியும் குடிச்சாச்சு. கோயில் வாசல்ல நோட்டீஸ் ஒட்டியிருக்கே, தீட்டுள்ளவங்க உள்ள வரக் கூடாதுன்னு. அதை எழுதுனது யாரு?”

எழுதியது நான்தான். முனுசாமி விட்டத்தைப் பார்த்து ரொம்ப நேரம் யோசித்தார். அவர் எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளத் தெரியாதவர். “மீனம்மா சொல்றது சரி” என்றார் கடைசியில். “பதினாறு நாள்.” பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. வாயைப் புடவையால் மூடிக்கொண்டு எழுந்து போனார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் போன பிறகு சிரித்தார்கள்.

“தீட்டுக்காரங்க நாடகமும் பாக்கக் கூடாது. போனைக் குடுங்க” என்றாள் மீனம்மா. கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வெளியே, செருப்புகளுக்குப் பக்கத்தில், எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். உள்ளே உறுமி மேளம் அடித்தது. கூட்டத்துக்கு நடுவே மீனம்மா தாம்பாளத்தில் பச்சைப் பட்டை ஏந்திக்கொண்டு போனது வாசல் வழியாக எனக்குத் தெரிந்தது. அம்மனுக்கு அது எவ்வளவு பொருத்தமாக இருந்தது என்பதை மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டேன். அவள் பக்கத்தில் நான் நின்றிருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அதை மட்டும் நானே பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் விஜயரட்ணம் வெளியே வந்தார். காற்று வாங்க வந்தேன் என்றார். அங்கும் இங்கும் பார்த்துவிட்டுக் குனிந்தார். “தம்பி, அந்தப் பெடியன் உண்மையாத்தான் செத்துட்டானோ? உடலைக் காட்டேல்ல, கவனிச்சனீரோ? சும்மா கேக்கிறன்.”

நான் அவரை ஏற இறங்கப் பார்த்தேன். எங்கள் இனத்தில் இன்னொருவர். இவ்வளவு நாளும் ஒருவரையொருவர் எப்படி அடையாளம் தெரியாமல் இருந்தோம்?

அவர் உள்ளே போனதும் முனுசாமி வந்தார். நாற்காலிக்குப் பின்னால் நின்றார். தொண்டையைக் கனைத்தார். “செயலாளரே, சும்மாதான். படிக்கட்டுல விழுந்தாங்களே அந்த அம்மா, அவங்களுக்கு மயக்கம் தெளிஞ்சிடுச்சா இல்லியா? ரெண்டு நாளா மனசே கேக்கல.” அந்த உத்தமரையும் நான் கெடுத்துவிட்டேன்.

கடைசியில் மீனம்மா வந்தாள். நெற்றி நிறையக் குங்குமம். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்குப் பிரசாதம் தரக் கூடாது என்பதால் வெறும் கையோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

“மன்னிச்சிடு மீனம்மா” என்றேன்.

“ம்” என்றாள். குங்குமம் பட்ட விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டே, “நேத்து உங்க போன்ல பாத்துட்டேன். பிரேக்கை அறுத்தது யாருன்னு தெரிஞ்சு போச்சு” என்றாள்.

“யாரு?”

“நம்பவே மாட்டீங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பதினாறு நாள் இன்னும் முடியவில்லை. எனக்கு இன்னும் தெரியாது. உங்களுக்கு இதில் அக்கறை இருக்காது, தெரியும். நீங்கள் இந்த மாதிரி நாடகமெல்லாம் பார்க்கிறவர் அல்ல. இதைக்கூடச் சும்மாதான் கடைசிவரை வாசித்தீர்கள். ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். அறுத்தது ஷஷாங்கா, ரியானாவா என்று உள்ளுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டீர்களா, இல்லையா? வந்துவிட்டீர்களென்றால் வெட்கப்படாமல் வாருங்கள். செருப்புகளுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடச் சொல்கிறேன்.